மூன்றாம் வகுப்பில் மணி ஏழு

என்னுடன் பயிற்சிக்கு வந்தவருக்குப் பிள்ளைகள் தினமும் பூ கொண்டுவந்தார்கள். எனக்கு ஒரு பையன் ஒரே ஒரு நாள் அரைத்துண்டு சாக்பீஸ் கொண்டுவந்தான். அதுவும் என்னுடையதுதான். முந்தின நாள் மேசையிலிருந்து எடுத்துப்போனதை அவன் அம்மா திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், கூத்தாநல்லூரில், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு தொடக்கப் பள்ளியில். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் நாற்பது நாள் பாடம் நடத்திப் பழக அங்கே அனுப்பியிருந்தார்கள். உடன் வந்த பெண் தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன் குடும்பம். பத்து வயதிலிருந்தே ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளை மேய்த்துப் பழகியவர். நான் திருப்பனந்தாள் பக்கம், விவசாயக் குடும்பம். நான் மேய்த்தது எருமை. எருமைகளிடம் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

பிள்ளைகள் முன்னால் நாங்கள் ஒருவரையொருவர் சார், டீச்சர் என்றுதான் அழைக்க வேண்டும். இருபது வயதில் அது ஒரு சந்தோஷம். ஆனால் நான் வகுப்புக்குள் நுழைந்தால், “டீச்சர் வரலியா சார்?” என்று நாற்பது குரல் கேட்கும். அவர் நுழையும்போது யாரும் சாரைப் பற்றி விசாரித்ததாக எனக்குத் தகவல் இல்லை. முதல் வாரமே பிள்ளைகள் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் டீ கொடுத்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன்.

பொறாமையைப் பற்றி உலகத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் கணவர்களும் அரசர்களும்தான் பொறாமைப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தன்னைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க மாட்டார்களா என்று புழுங்கிய ஆளைப் பற்றி, நான் படித்தவரையில் ஒன்றுமே இல்லை. ஆகவே நானே எழுத வேண்டியதாயிற்று.

புழுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெளிநாடு போன ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளிக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, “உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுத்துக்கலாம்னு கமிட்டியில சொல்லப்போறேன். ஆளுக்கு ஒரு நாள், காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மூணாம் வகுப்பை நடத்திக் காட்டுங்க. நான் வந்து உக்காருவேன்” என்றார். பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர், எங்களுக்கும் அப்படியே.

அரசாங்க வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பேரன் காலத்தில் கடிதம் வரும். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம், குறுவை போயிற்று. மேட்டூரைப் பார்ப்பதுபோல வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, அது அவருக்குக் கிடைக்கக் கூடாது.

முதல் நாள் என்னுடையது. நடத்தப்போவதை நோட்டில் பாடக்குறிப்பாக எழுதி, முந்தின மாலையே பெரிய டீச்சரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கணக்குப் பாடம், மணி பார்த்தல். கல்யாணப் பத்திரிகை அட்டையில் கடிகாரம் செய்து, முள் இரண்டையும் சட்டைப் பொத்தானால் பொருத்தியிருந்தேன். ஒன்பதரையில் வைத்துத் தூக்கிப் பிடித்தேன்.

“வீட்ல மணி பாக்குற மாதிரி பாத்துச் சொல்லுங்க. மணி என்ன?”

முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “ஏழு சார்” என்றாள்.

“பன்னெண்டு சார்!” என்றான் ஜன்னலோரப் பையன்.

பின்னாலிருந்து ஏழு, பன்னிரண்டு என்று ஏலம் போலக் குரல்கள். ஒன்பதரை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மெதுவாகச் சொன்னார்கள், அவ்வளவு நம்பிக்கையில்லாமல்.

பெண்ணிடம் போனேன். “சின்ன முள்ளு எங்க இருக்கு?”

“ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல சார்.”

“பெரிய முள்ளு?”

“ஆறுல சார்.”

“அப்ப மணி என்ன?”

“ஏழு சார்.”

அவளை நிற்க வைத்தேன். பன்னிரண்டு சொன்னவனையும் நிற்க வைத்தேன். இப்படியே ஒவ்வொருவராக நிறுத்தியதில், ஐந்து நிமிஷத்தில் வகுப்பில் பாதி நின்றுகொண்டிருந்தது. நின்றவர்களுக்குப் பின்னால் பெரிய டீச்சர் மறைந்துபோனார். அது ஒன்றுதான் எனக்கிருந்த ஆறுதல்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து விதியை மீறி ஒரு குரல். “ஏம்மா, உங்க அத்தா எங்க இருக்காங்க?”

“சவுதியில டீச்சர்.”

“சவுதியில இப்ப ஏழு. நம்மூர்ல மணி என்ன?”

“ஒம்பதரை டீச்சர்!”

பன்னிரண்டுக்காரனின் அத்தா, அதாவது அப்பா, சிங்கப்பூரில். அந்த ஊர்க் கூடங்களில் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருப்பார்களாம். ஒன்று இங்கே, ஒன்று அத்தா இருக்கும் இடம். மணி என்ன என்று அம்மா கேட்டால், அத்தாவுக்கு மணி என்ன என்றுதான் அர்த்தம். போன் எப்போது வரும் என்று தெரியவேண்டுமே. டீ குடிக்கப் போன இடத்தில் டீச்சர் இதைப் பார்த்திருக்கிறார். அவருடைய அண்ணனே குவைத்தில் இருந்தார். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மணியில்தான் வறுமைப்பட்டோம்.

பிறகு நடந்ததை நான் கரும்பலகையோரம் நின்று பார்த்தேன். என் கடிகாரம் அவர் கைக்குப் போயிற்று. சவுதியில் விடிகாலை சுபுஹு தொழுகிற நேரம் இங்கே என்ன, இங்கே ஸ்கூல் விடும்போது சிங்கப்பூரில் என்ன என்று பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினார்கள். ஒரு தடவைகூட யாரும் ஒன்னுக்குப் போகணும் என்று கேட்கவில்லை. பெரிய டீச்சர் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் பெரிய டீச்சர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். “தம்பி, அந்த ரெண்டு ஊர் மணி நல்லா இருந்துச்சு. யாரு யோசனை?”

டீச்சர் தூரத்தில் பிள்ளைகளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “நோட்டுலயே எழுதியிருக்கேன் டீச்சர். அவங்களும் நானும் பேசி வெச்சுக்கிட்டதுதான். யோசனை என்னுது” என்றேன். வாய் அவ்வளவு சரளமாக வகுப்பில் ஒருநாளும் பேசியதில்லை.

“சாயங்காலம் நோட்டைக் கொண்டாங்க.”

மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்து, பாடக்குறிப்பின் அடியில் முத்து முத்தாக எழுதினேன். “செயல்பாடு: இரு ஊர்களின் நேரத்தை ஒப்பிடல். கடைசி பெஞ்சிலிருந்து சக ஆசிரியர் கேள்வி கேட்பார்.” அதன்பின் தமிழ், சூழ்நிலையியல் எல்லாம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

மாலை நாங்கள் இருவரும் பெரிய டீச்சர் முன்னால் நின்றோம். அவர் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“தம்பி, நேத்து சாயங்காலம் நான் எங்க கையெழுத்துப் போட்டேன்?”

பார்த்தேன். பச்சை மையில், தேதியோடு, பாடம் முடிந்த இடத்தில் கோடு இழுத்துப் போட்டிருந்தார். என் செயல்பாடு அந்தக் கையெழுத்துக்குக் கீழே, நீல மையில் இருந்தது. பாடக்குறிப்பு எழுதியே இரண்டு வருஷம் தேய்ந்த ஒருவனுக்கு இது தெரியாமல் போகுமா? போயிற்று. பொறாமைக்குப் பச்சை, நீலம் தெரியாது.

“நாங்க பேசி வெச்சதுதான் டீச்சர். சார் எழுத மறந்துட்டு அப்புறமா எழுதியிருப்பாங்க” என்றார் டீச்சர். நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. நான் விழப்போகிறேன் என்பது மட்டும் தெரிந்து, கையை நீட்டினார். அவர் என்னைப் போட்டுக் கொடுத்திருந்தால்கூட அன்றிரவு கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

பெரிய டீச்சர் அவரைப் பார்த்தார். “உனக்குப் பொய் சொல்ல வரலம்மா. நாளைக்கு நீ நடத்து. எப்படி நடத்தினாலும் நீதான்.” பிறகு நோட்டை மூடி என்னிடம் தந்தார். “நான் இதைப் பாக்கல. மார்க்கு போட்டுடறேன். கடிகாரம் நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி.”

டீச்சரிடம் வாழ்த்துகள் என்றேன். ஒரு வார்த்தைதான்.

வெளியே வந்தால், ஜன்னலுக்கு அடியில் ஒரு கூட்டமே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் சிதறி ஓட, காலையில் நான் நிற்க வைத்த ஏழு மணிக்காரி மட்டும் கேட் வரைக்கும் கூடவே வந்தாள். பைக்கட்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “சாருக்கு வேலை கெடைக்கலியா?” என்றாள்.

“இல்லம்மா.”

கொஞ்சம் யோசித்தாள். “சவுதிக்குப் போங்க சார். அங்க எல்லாருக்கும் கெடைக்கும்.”

“ஏன், இங்க கெடைக்காதா?”

“இங்கதான் டீச்சர் இருக்காங்களே சார்” என்றாள். அவளுக்கு என்மேல் கோபமெல்லாம் ஒன்றுமில்லை.