குடிக்கக் கூடாது என்று தமிழில்

போன வாரம் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் நாள் முழுக்க நிற்காமல் ஓடியது. இதில் என்ன பெருமை என்கிறீர்களா? சொல்கிறேன்.

அங்கே மருந்துச் சீட்டை அச்சடிப்பது என் புரோகிராம்தான். ஆங்கிலத்தில். சில மாதங்களுக்கு முன் திருச்சுழிப் பக்கத்து அம்மா ஒருவர், சிரங்குக்குத் தடவக் கொடுத்த லோஷனைக் குடித்துவிட்டார். பிழைத்ததே பெரும்பாடு.

மருந்து கொடுக்கும் ஸ்டெல்லா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "சீட்டு தமிழ்ல வரணும்மா. அவுகளால படிக்க முடியாத சீட்டு எதுக்கு?"

தமிழில் அச்சடிக்க மதுரையில் ஒருவர் சாஃப்ட்வேர் எழுதி விற்றுக்கொண்டிருந்தார். வாங்கினோம். ஆனால் அது தனி, என்னுடையது தனி. ஒன்றை மூடி, மற்றதைத் திறந்து, நோயாளி பெயரை மறுபடி அடித்து... வரிசை வாசலைத் தாண்டிப் போனது. அக்கா வெறுத்துப்போய் பழையபடி ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டார்.

நான் விடவில்லை. மதுரைக்கு பஸ் ஏறினேன்.

"தமிழ் எழுத்த அச்சடிக்கிற பகுதிய மட்டும் குடுங்க சார். என் புரோகிராமுக்குள்ளயே சேத்துக்கிறேன்."

"முடியாதும்மா. ஒங்க புரோகிராம் நின்னாலும் என் பேருதான் கெடும்."

நியாயம்தானே? இரண்டு பேர் எழுதியது ஒன்றாக ஓடும்போது, கோளாறுக்கு யார் பொறுப்பு?

"நின்னா நாந்தான் வந்து பாப்பேன். ஸ்க்ரீன்லயே என் பேரப் போடுறேன்" என்றேன். லோஷன் குடித்த அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் அந்தப் பகுதி இருந்த ஃப்ளாப்பியை எடுத்து நீட்டினார்.

ஊருக்கு வந்து அதை என் புரோகிராமோடு சேர்த்தேன் — மெஷின் அப்படியே உறைந்து நின்றது! இருக்கிற துளி மெமரிக்கு இரண்டும் அடித்துக்கொண்டன. எஸ்டிடி பூத்திலிருந்து அவர் உயிரை வாங்கினேன்.

"போன்ல ஆகாதும்மா... நானே வாரேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். அவருடையதைச் சுருக்கினார், என்னுடையதை நான் வெட்டினேன். சாயங்காலம் பிரிண்டர் கரகரத்தது.

'மேலே தடவ மட்டும். குடிக்கக் கூடாது.'

அக்கா அதை வார்டுக்கே கேட்கும்படி உரக்கப் படித்தார்.

போன வாரம், நிற்காமல் ஓடிய அந்த நாளில், விசைத்தறி ஓட்டுகிறவர் ஒருவர் சீட்டோடு திரும்பி வந்தார்.

"தாயி, 'ராத்திரி தூங்கும் முன்' மாத்திரைன்னு போட்டுருக்கு. நமக்கு ராத்திரி ஷிஃப்டுல்ல? விடிஞ்சுதான் தூங்குவேன். எப்பப் போட?"

படிக்க முடிந்த உடனே கேள்வி வந்துவிட்டது, பார்த்தீர்களா! அக்கா டாக்டரிடம் ஓடினார். நான் கீபோர்டை இழுத்தேன்...

வேலை பகலிலா, இரவிலா என்று என் புரோகிராம் இனி முதலிலேயே கேட்டுவிடும்!