அருவியில் தடை, தங்கத்தில் அலை

குற்றாலத்தில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் ஊரே முகம் சுளிக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்கு மட்டும் அன்று திருவிழா. "ஏட்டி, மெயினருவியில தண்ணி பொங்கிட்டு வருதாம், போலீஸ் கயிறு கட்டியாச்சாம். சட்டுன்னு கெளம்பி வா" என்று அவள் போனில் கூப்பிட்ட காலைதான், அவளை நினைத்ததும் எனக்கு முதலில் வருகிறது.

அக்கா என் உடன்பிறந்தவள் அல்ல. இலஞ்சிக்காரி, முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு மூத்தவள். மேலகரம் சாலையை ஒட்டிய கல்லூரியில், கண்ணாடிச் சில்லின் மேல் பூசிய மெல்லிய தங்கப் படலத்தில் ஒளியை ஓடவிடுவது அவள் வேலை. படலத்தில் கீறிய நுண்ணிய கோட்டில் லேசர் பட்டால், அந்த ஒளியில் ஒரு பங்கு தங்கத்தை ஒட்டிக்கொண்டு அலையாக ஓடும். ஒரு தலைமுடியின் பருமனைக் கடப்பதற்குள் அடங்கியும் போகும். அக்கா அதைக் கேமராவில் பிடித்துவிட்டாள். ஒளி சுழலும் திசையை மாற்றினால், அலையை நினைத்த பக்கம் திருப்பலாம் என்றும் சொன்னாள்.

எங்கள் வழிகாட்டியான சார் நம்பவில்லை. சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வரும் வேனும் பஸ்ஸும் அந்தச் சாலையில் ஓயாமல் போகும். எங்கள் மேஜை அதிரும். "மேசை ஆடுது, லேசர் கோட்ட விட்டு நகருது. நகந்த பக்கம் வெளிச்சமாத் தெரியுது, அம்புட்டுதான். அந்த அத்தியாயத்த எடுத்துரும்மா" என்றார். அக்காவின் ஆய்வேட்டில் அவளுடையது என்று சொல்ல இருந்ததே அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் பிறர் முன்பே செய்து பார்த்தவை. அவள் வண்டி ஓடாத ஒரு பகலுக்காகக் காத்திருந்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அருவியில் தடை விழுந்த அன்று சாலை வெறிச்சோடிக் கிடந்தது. சாரையும் வரவழைத்துவிட்டாள். முதல் படத்தில் கோட்டுக்கு வலப்பக்கம் ஒளிக்கீற்று தெளிவாக விழுந்தது. "இப்ப நீங்களே திருப்புங்க சார்" என்று ஒதுங்கி நின்றாள். லேசரின் பாதையில் இருந்த, ஒளி சுழலும் திசையை மாற்றும் வில்லையை அவர் திருப்பினார். லேசர் விழுந்த புள்ளி இம்மியும் நகரவில்லை. கீற்று மட்டும் இடப்பக்கம் போயிருந்தது. மறுபடி திருப்பினார், வலப்பக்கம் வந்தது. சந்தேகத்தோடு தொடங்கியவர், போகப்போக விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தார். "சொன்ன பேச்சு கேக்குதே" என்று முணுமுணுத்தார்.

இன்று அக்காவுக்கு வேறு ஊரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் இருக்கிறது. பக்கத்தில் ரயிலே போனாலும் அங்குள்ள மேஜை அசையாது. அங்கிருந்து அவள் அனுப்பும் படங்களில் அலை வளைந்து போகிறது, கிளை பிரிகிறது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்தப் பழைய மேஜைதான் உசத்தி.

அன்று சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்த அத்தியாயத்த எடுக்கச் சொன்னேன்லா?" என்றார், தயங்கித் தயங்கி.

"நான் எங்க சார் எடுத்தேன்" என்றாள் அக்கா. "கொஞ்சம் எந்திரிங்க. அருவியில தடைய எடுக்கதுக்குள்ள இன்னும் நாலு படம் பிடிக்கணும்."