நாலு வருஷத்துக்கு ஆன செலவு

எழுபதாம் வருஷம் பொறந்த சமயம். நர்சிங் படிக்கணும்னா அப்ப ரெண்டு வழி. ஒண்ணு டிப்ளமா. மாசாமாசம் ஆஸ்பத்திரிக்காரங்களே நம்ம கையில கொஞ்சம் காசு குடுப்பாங்க. இன்னொண்ணு நாலு வருஷ டிகிரி. அதுக்கு நாமதான் அழுவணும். ஹார்பர்ல மூட்டை தூக்குற எங்க நைனாவுக்கு டிகிரிதான் வேணும். "பெட்பான் எடுக்கறதோட நின்னுடாத, சொல்லிக் குடுக்கற எடத்துக்குப் போ"ம்பாரு. எனக்கும் அதே ஆசைதான், மறைப்பானேன்.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு ராயபுரத்து வூட்டுல உக்காந்து நைனா, அம்மா, நான் மூணு பேரும் கணக்குப் போடுவோம். தங்கச்சி ஒரு ஓரமா ஸ்கூல் பாடம் எழுதிக்கினு இருப்பா. மெஸ்ஸு, யூனிஃபாரம், வெள்ளை ஷூ. நாடி பாக்க விநாடி முள்ளு வெச்ச வாட்ச்சும் வேணும்னேன். "இன்னாடி இது, படிக்கப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"ன்னா அம்மா. ஆனாலும் கம்மலை அடகு வெக்கறேன்னா. நைனா ஓவர்டைம் பாக்கறேன்னாரு. கப்பல் வந்தாத்தான் ஓவர்டைம். இதை நம்பி நாலு வருஷமான்னு நெனைச்சாலே எனக்கு ஆயாசமா இருக்கும். எப்படியோ இழுத்துப் புடிச்சா தாங்கும்னு முடிவாச்சு.

கைய விட்டுப் போற காசையெல்லாம் கணக்குல சேர்த்தோம். வராம நிக்கப் போற காசை ஒருத்தரும் நெனைக்கல. பியூசி முடிச்சதுலர்ந்து திருவொத்தியூர்ல ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் போய்க்கினு இருந்தேன், தகர டப்பால பிஸ்கட் அடுக்கற வேலை. அரிசியும் வாடகையும் என் சம்பளத்துலதான். பழகிப்போனதால அது யார் கண்ணுக்கும் தெரியல.

வேலையை விடறேன்னு சொல்லப் போனப்ப சூப்பர்வைசர் கேட்டாரு, "உன் எடத்துக்கு வூட்டுலர்ந்து யார் வர்றாங்க?" அங்க அதான் வழக்கம். நின்னுக்கற பொண்ணு தங்கச்சியையோ அண்ணியையோ விட்டுட்டுப் போவா. இல்லன்னா எடம் வேற வூட்டுக்குப் போயிடும். யாரும் இல்லன்னுட்டு வந்தேன். வூட்டுல அதைச் சிரிச்சுக்கினே சொன்னேன். அம்மா சிரிக்கல. "அப்பிடியா கேட்டாரு?"ன்னா.

ஹாஸ்டல்ல சேர்ந்த அடுத்த மாசம் என்னைப் பாக்கத் தங்கச்சி தனியா வந்தா. ஒம்போதாவது படிக்கிறவ, கணக்குல புலி. வெரல் பூரா தகர டப்பா கீறின காயம். அந்தக் காயம் எனக்குத் தெரியாதா?

"இன்னாடி பண்ணிக்கினு கீறே?"

"அம்மா போய்க் கேட்டுச்சு. வயசைக் கூட்டிச் சொல்லிச் சேத்துடுச்சு. உன் பெஞ்சுதான் குடுத்தாங்க."

"ஸ்கூலு?"

"நாலு வருஷந்தானே. நீ முடிச்சுட்டு வா, அப்பால நான் போறேன்."

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. ஆனா யாரைப் போய்த் திட்டறது? பதினெட்டு வயசுல எவ ஒம்போதாங் கிளாஸ்ல போய் உக்காருவா?

இடுப்புலர்ந்து மடிச்ச நோட்டுங்களை எடுத்து நீட்டினா. "மெஸ்ஸுக்குக் கட்டு."

மறுநாள்தான் கடைசித் தேதி. வாங்கிக்கினேன்.