ஒட்டகம் பார்த்தவன் செய்த தண்ணீர்த் தொட்டி

வண்டிக்குள் வீடு கட்டும் தொழிலில் ஒரு வசதி, செய்த தப்பு ஊர் தாண்டித்தான் தெரியும். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி மாட்டிக்கொண்ட சகபாவிகளே, எனக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை.

மூன்று ஜீப்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர், நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்பை, உள்ளே படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துத் தரச் சொல்லி என் தகரப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பிரான்சிலிருக்கும் மகளைப் பார்க்க மனைவியோடு தரைவழியாகவே போகிறாராம். கப்பல் ஏறினால் மதாமுக்கு வாந்தி.

"பாலைவனத்துக்கே மூணு ஜீப் தயார் பண்ணியிருக்கேன் முசியே. ஒட்டகமே வந்து எங்கிட்ட தண்ணி கேட்டுச்சு" என்றேன். திண்டிவனம் தாண்டாதவன் நான். சொல்தா கைகுலுக்கிவிட்டுப் போனார். தச்சு வேலைக்கு வந்திருந்த கண்ணுசாமி உளியைக் கீழே வைத்தான்.

"யோவ், நீ பாத்த ஒட்டகம் சர்க்கஸ்ல வந்ததுதான?"

வடக்கே தலை

வண்டி போவது வடக்கே. முன்பக்கம் தலை வைத்துப் படுத்தால் ஆயுசு குறையும் என்றான் கண்ணுசாமி. எனக்கும் நியாயமாகப் பட்டது. தலைமாட்டைப் பின்பக்கம் வைத்துப் பலகை அடித்தோம். ஆறடி சொல்தா படுத்துப் பார்த்தார். நீட்டிய கால் ஸ்டீயரிங்கில் பட்டு ஹாரன் அலறியது; தெரு நாய்கள் ஓடிவந்தன. காரணம் சொன்னோம். படுத்தபடியே யோசித்தார்.

"ஏம்பா, நான் எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் வண்டி வடக்கதான் பாக்குமா?"

வெள்ளோட்டம்

தண்ணீர்த் தொட்டிக்குப் புதுத் தகடு போடுவதாகச் சொல்லியிருந்தேன். தகடு வரத் தாமதம். கொல்லையில் கிடந்த மண்ணெண்ணெய் பீப்பாயைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பச்சை வர்ணம் அடித்து மாட்டிவிட்டேன். மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை.

கிளம்புமுன் ஒருநாள் தங்கிப் பார்க்கச் சேதராப்பட்டுப் பொட்டலுக்குப் போனார்கள். பாலைவனம் பார்த்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். மத்தியான வெயிலில் தொட்டி நன்றாகச் சுட்டது. மதாம் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் தந்தார். முதல் மடக்கிலேயே என் பீப்பாய் எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்தா முகம் சுளிக்காமல் குடித்தார். "பாலைவனத் தண்ணி இப்பிடித்தான் இருக்குமா மேஸ்திரி? சரி, இப்பவே பழகிக்கிறேன்" என்று இரண்டாவது தம்ளரை நீட்டினார்.

"ஆமாம்" என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். தம்ளரைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு பீப்பாய், மூன்று ஜீப், ஒட்டகம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதற்குள் மதாம் புதரோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு நான் கப்பல்லயே போயிருப்பேனே, மேஸ்திரி!"

புதுத் தகட்டில் தொட்டி அடித்துக் கொடுத்தேன்; அவர்களும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து கடிதம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் யாராவது என் கதையை நம்பித் தலையாட்டினால், என் வாயில் மண்ணெண்ணெய்தான் நாறுகிறது.