சின்னவள் ஏறிய மலை

பெரிய மருமகளுக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தினமும் வரும். பக்கத்து வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்து வரும், கூட வேலை செய்பவளின் நீளமான தலைமுடியைப் பார்த்து வரும். காலையில் வந்தால் மாலைக்குள் தானே போய்விடும். போகாமல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். அது கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

படத்தில் சின்ன மருமகள், அதாவது கொழுந்தனின் மனைவி, ஒரு பாறைமேல் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் வெள்ளை வெளேரென்று மேகம். மருந்துக் கடையில் கூட வேலை பார்க்கும் பெண்களோடு தேசியப் பூங்கா மலைக்குப் போனபோது எடுத்தது.

"உச்சியா?" என்று மாமனார் வாயைப் பிளந்தார்.

"ஆமா மாமா."

"மேலேருந்து என்ன தெரிஞ்சுது?"

"ஒரே மேகம் மாமா. ஒண்ணுமே தெரியல."

அவ்வளவுதான். அன்றிலிருந்து சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பேருந்துப் பணிமனையில் எஞ்சினுக்கு அடியில் படுத்தே ஆயுளைக் கழித்த மனிதர். சன்னல் வழியாகத் தெரியும் அந்த மலையில் ஒருநாள் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஏறுவதற்குள் முழங்கால் போய்விட்டது. பால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், யார் வந்தாலும் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "எங்க வீட்டுப் பொண்ணு" என்பார்.

அப்படியென்றால் தான் யார் வீட்டுப் பெண் என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அந்த மலையின் அடிவாரத்தில்தானே அவள் பிழைப்பே நடக்கிறது. பூங்கா வாசலில் இருக்கும் விடுதியின் சலவைக்கூடத்தில், இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட வருடத்திலிருந்து வேலை. மலையேறிவிட்டு வருகிறவர்கள் சேற்றுக் காலோடு புரண்டெழுந்த படுக்கை விரிப்புகளை ஊறவைப்பாள், பிழிவாள், மொட்டைமாடிக் கொடியில் உதறிப் போடுவாள். இரண்டு விரிப்புகளுக்கு நடுவே உச்சி எட்டிப் பார்க்கும். ஏற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆனாலும் அது அவள் மலை. நேற்று வந்தவள் அதன் தலையில் ஏறி நின்று போஸ் கொடுத்தால் எப்படி இருக்கும்?

இதில் கொடுமை, அந்தப் படத்துக்குத் தூசி தட்டுவதும் அவள்தான். தட்டும்போது லேசாகக் கோணலாக்கி வைப்பாள். மாமனார் வந்து நேராக்குவார். பாறையின் குறுக்கே ஓடும் விரிசல், ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் பாசி எல்லாம் தட்டித் தட்டியே அவளுக்கு மனப்பாடம்.

வாரத்தின் நடுவே தனக்கு விடுமுறை வந்த ஒரு நாளில், விடுதியில் கூடுதல் வேலை என்று வீட்டில் புளுகிவிட்டுக் கிளம்பினாள். தானும் உச்சியில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும், அதுவும் மேகமில்லாத படமாக. அதை மாட்டுவதற்கு இந்தப் படம் இறங்க வேண்டும். இது ஒன்றுதான் நினைப்பு.

வார நாள். பாதையில் ஈ காக்கை இல்லை. மரங்களுக்கு ஊடே வெயில் சிந்திக் கிடந்தது, எங்கோ தண்ணீர் ஓடியது, ஒரு மான் நின்று பார்த்துவிட்டுப் போனது. பெரியவள் எதையும் கவனிக்கவில்லை. மனதுக்குள் சின்னவளோடு சண்டை போட்டுக்கொண்டே ஏறினாள். அங்கே எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயித்தாள்.

மரங்கள் விலகிய ஒரு திருப்பத்தில் சட்டென்று நின்றாள். பாறை. அதே விரிசல், அதே மஞ்சள் பாசி. பக்கத்தில் பூங்காக்காரர்கள் நட்ட பலகை: உச்சிக்கு இன்னும் பாதி தூரம்.

வாய்விட்டுச் சிரித்தாள். புதரிலிருந்து ஏதோ பறவை பதறிப் பறந்தது. அடி கள்ளி! பாதியில் நின்றுகொண்டு இத்தனை நாளாக இந்த ஆட்டமா?

நிமிர்ந்தால் உச்சி பளிச்சென்று நின்றது. பொழுது நிறைய இருந்தது, உடம்பில் தெம்பும் இருந்தது. கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரிக்கக்கூட இல்லை. தாராளமாக ஏறியிருக்கலாம். ஆனால் பலகையும் பாறையும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, கால் தரையில் பாவாமல் கீழே இறங்கினாள். இனி மேலே அவளுக்கு என்ன வேலை?

எல்லோரும் வீடு வந்து சேரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாலையில் கூடத்தில் தேநீர் கொடுக்கும்போது, பேச்சோடு பேச்சாகச் சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

"மாமா, நான் இன்னிக்கு மலைக்குப் போனேன். இந்தப் படத்துல இருக்கிறது உச்சியே இல்ல. பாதி வழியில இருக்கிற பாறை. இதோ பாருங்க, பலகையே சொல்லுது."

கைபேசி கை மாறியது. கொழுந்தன் தன் மனைவியைப் பார்த்தான். சின்னவள் தலை கவிழ்ந்துவிட்டது. இந்த நிமிடத்துக்காகத்தான் பெரியவள் ஓடி வந்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாறையையும் சுவர்ப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. முகமெல்லாம் மலர பெரியவளிடம் திரும்பினார்.

"அப்ப நெசமாவே மேல போனது நீதானா? அடேங்கப்பா! உக்காரும்மா, இப்படி உக்காரு. மேலேருந்து என்ன தெரிஞ்சுது? அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

ஒரு குழந்தையைப் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடே அவளைப் பார்த்தது.

"ஒரே மேகம் மாமா," என்றாள். "ஒண்ணுமே தெரியல."

மாமனார் சன்னல் பக்கம் திரும்பினார். மாலை வெயிலில் உச்சி தெளிவாகத் தெரிந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. காலையிலிருந்தே இல்லை, அவர் நாள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

கவிழ்ந்திருந்த தலையைச் சின்னவள் மெல்ல நிமிர்த்தினாள். பெரியவளை ஒரு கணம் பார்த்தாள்.

"ஆமா மாமா," என்றாள். "கீழேருந்து பாத்தா தெரியாது. அக்கா சொல்றது சரிதான், மேல அப்படித்தான் இருக்கும்."