வெற்றிலைக்குள் வைத்த துண்டு

எங்களுக்குத் திருவரங்குளம் பக்கம். போன வருடம் உழவு டிராக்டர் ஏறியதில் என் கணவருக்குக் கணுக்காலில் சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது. தொடையிலிருந்து சதையோடு தோலை எடுத்து, ரத்தக்குழாய்களை இணைத்து அங்கே ஒட்டினார்கள். "ரத்த ஓட்டம் நின்னா ஒட்டுன சதை செத்துரும்மா. பீடி கீடி ஆகவே ஆகாது" என்றார் டாக்டர்.

நான் காவல் இருந்தேன். பார்க்க வந்த கொழுந்தனார் சட்டைப்பையைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன். ஆனால் மூன்றாம் நாள் என் கணவர் தவித்த தவிப்பைத் தாங்க முடியாமல், வெற்றிலையில் ஒரு துண்டு புகையிலை வைத்து நானே மடித்துக் கொடுத்தேன். இதில்தான் புகை இல்லையே என்று நினைத்தேன். அதன்பிறகு தினமும் கொடுத்தேன்.

ஒட்டிய சதை ஓரத்தில் நீலம் பாய்ந்து, பிறகு முழுவதும் கறுத்துப்போனது. "பீடி குடிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "எம் பொண்டாட்டி தொடவே விடலங்க" என்றார் இவர். எச்சில் கிண்ணத்தைப் பார்த்த நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "போயிலையும் ரத்தக்குழாயச் சுருக்கும், தெரியாதாம்மா?" என்றார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் போய், வாயில் போடுவது எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று சொல்கிறேன். என் கணவரிடம் மட்டும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர், "பீடியத் தொடவிடாம என்னைய எப்படிப் பாத்துக்கிட்டா தெரியுமா!" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.