இரண்டு பேர் உட்காரும் கார்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்குவதென்றாலும் பெரியப்பா முதலில் வேண்டாம் என்பார். அம்மிக்கல்லானாலும் சரி, ஆட்டுக்குட்டியானாலும் சரி, முதல் பேச்சு வேண்டாம்தான். இரண்டு நாள் கழித்து, அந்த யோசனை தனக்கே தோன்றியதுபோல அதை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அதனால் சித்தப்பா கார் வாங்க வேண்டும் என்று வாய் திறந்த அன்றைக்கு அவர் வேண்டாம் என்றதை ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை. இரண்டு நாள் போயிற்று. நான்கு நாள் போயிற்று. பெரியப்பா வேண்டாம் என்ற இடத்தை விட்டு அசையவே இல்லை.

இலுப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு எட்டு வயது; வாய்க்கு மட்டும் எண்பது என்பாள் என் ஆத்தா. பெற்றவளே சொன்ன பிறகு மறுப்பதற்கு என்ன இருக்கிறது? வயல்கள் பெரியப்பாவின் பொறுப்பு. நெல் மில் சித்தப்பாவின் பொறுப்பு. மில் எஞ்சின் இருமினால் சித்தப்பாவுக்கு இங்கே நெஞ்சு வலிக்கும், அப்படி ஒரு மனிதர்.

திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் ஆயில் எஞ்சின் பார்த்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று போனவர், அங்கே கொட்டகையில் நின்ற காரைப் பார்த்துவிட்டு வந்தார். இத்தாலியில் செய்த கார். அந்த வீட்டு மகன் கொழும்பில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது அவர் மலாயாவுக்குக் கப்பலேறப் போகிறார். வந்த விலைக்குக் கொடுக்கத் தயார்.

"ரெண்டே கதவுண்ணே. ரெண்டு பேரு ஒக்காரலாம்" என்றார் சித்தப்பா.

"வீட்டுல பதினாலு பேரு இருக்கோம். மிச்சப் பன்னெண்டு பேரும் பின்னாடியே ஓடியாரவா?" என்றார் பெரியப்பா.

"இல்லண்ணே, அதுதான் அதுல..." என்று ஆரம்பித்த சித்தப்பா பாதியிலேயே நிறுத்திவிட்டார். அடுப்படி வாசலில் சித்தி நின்றிருந்தாள். அவள் உடனே உள்ளே போய்விட்டாள்.

அதுதான் அதில் விசேஷம் என்று சொல்ல வந்திருக்கிறார் மனிதர். எங்கள் வீட்டு நடப்பைச் சொன்னால்தான் அது விளங்கும். பெரியவர்கள் இருக்குமிடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "ஒன் சித்திகிட்ட தண்ணி வாங்கியா" என்று என்னிடம்தான் சொல்வார். சித்தி நான்கடி தள்ளி அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். காதில் விழாமல் இருக்குமா? இருந்தாலும் நான் போய் ஒருமுறை சொன்ன பிறகுதான் எழுந்திருப்பாள். ராத்திரி ஆனால் சித்தப்பா மில்லுக்குக் காவல் படுக்கப் போய்விடுவார்; சித்தி பிள்ளைகள் எங்களோடு கூடத்தில் படுப்பாள். இந்த லட்சணத்தில், இன்னும் மடி நிறையவில்லையே என்று ஊர்ப் பெண்கள் அவளைக் கிணற்றடியில் துக்கம் விசாரிப்பார்கள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. அந்த உத்தியோகத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஐந்தாம் நாள் பெரியப்பா கொஞ்சம் இறங்கினார். "சரி, கொண்டாரச் சொல்லு. பாக்குறதுல ஒண்ணும் கொறைஞ்சு போயிராது" என்றார்.

செட்டியார் வீட்டு டிரைவர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மாதுளம்பூ நிறம். இடுப்பு உயரம்தான் இருந்தது. முக்கால் பாகம் எஞ்சினுக்கே போய்விட, மனிதர்களுக்கு என்று கடைசியில் கொஞ்சம் இடம் விட்டிருந்தான் இத்தாலிக்காரன். ஊரே கூடிவிட்டது. பெரியப்பா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி மூன்று வட்டம் வந்தார். மாடு பார்த்து வாங்குவதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. கார் பார்ப்பதும் அவருக்கு அதே வித்தைதான். குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தார். பின்பக்கத்தைத் தட்டினார். பெயிண்டை நகத்தால் சுரண்டினார்.

"கெழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி எண்ணெய் தடவித்தான் சந்தைக்குக் கொண்டாருவாங்க. நமக்கா தெரியாது?" என்று டிரைவரைப் பார்த்தார்.

"ஐயா, இது நாலே வருசம் ஓடுன வண்டிங்க. மணிக்கு எண்பது மைல் போகும்."

"எண்பது மைல் போயி நான் என்ன பண்ணப் போறேன்? கொடும்பாளூரே பத்துப் பதினஞ்சு மைலுதான். நெல்லு எத்தனை மூட்டை ஏறும்?"

"மூட்டையெல்லாம் ஏறாதுங்க."

"ஒரு மூட்டை?"

டிரைவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வானத்தைப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். பெரியப்பா விடவில்லை. "உழவுல கட்டிப் பாக்காம எவனாவது மாடு வாங்குவானா? கண்மாய்க்குள்ள எறக்கு" என்றார். ரோட்டில் ஓடுவதற்கென்று செய்த வண்டி ஐயா என்று டிரைவர் எவ்வளவோ கெஞ்சினார். சித்தப்பாவுக்கு எப்படியாவது அண்ணன் வாயிலிருந்து சரி என்ற ஒரு சொல் வந்தால் போதும். அவரே ஏறி உட்கார்ந்து கண்மாய்க்குள் இறக்கினார்.

மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் கண்மாயின் அடிவயிறு ஈரமாகத்தான் இருந்தது. இருபது கஜம் கம்பீரமாகப் போன கார், பிறகு ஒரு முனகல் முனகி, சக்கரம் முங்க உட்கார்ந்துகொண்டது. சித்தப்பா முடுக்க முடுக்க அது இன்னும் வசதியாகப் புதைந்தது. கடைசியில் பெரியப்பாவின் காளைகள் இரண்டையும் ஓட்டிவந்து, கயிறு கட்டி இழுத்துத்தான் கரையேற்றினார்கள். கரைக்கு வந்ததும் பெரியப்பா காளைகளைத் தட்டிக்கொடுத்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

"பாத்தியாடா? எது வண்டி, எது மாடுன்னு?"

சித்தப்பா முழங்கால்வரை சேறோடு கதவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. முப்பது வயது ஆம்பிளை அழப்போகிறாரே என்று எனக்கே பயமாகிவிட்டது. பெரியப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். தகப்பன் இல்லாத வீட்டில் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. அதுவரை இது வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை.

"சரி, நான் சொல்ல வேணாம். அம்மன் ஆத்தா சொல்லட்டும். நாளைக்குக் கோயில்ல பூக்கட்டிப் பாப்போம்" என்றார்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் போட வேண்டும். விவரம் தெரியாத குழந்தை ஒன்று அதில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். விவரம் தெரியாத குழந்தை என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரே சிரித்தது.

பூவை யார் மடிப்பது என்ற பேச்சு வந்தது. பெரியப்பா மடித்தால் சித்தப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. சித்தப்பா மடித்தால் பெரியப்பாவுக்கு இல்லை. "சின்னவ மடிக்கட்டும். அவளுக்குத்தான் இதுல ஆசையும் கெடையாது, பகையும் கெடையாது. இந்த அஞ்சு நாள்ல ஒரு வார்த்தை பேசுனாளா?" என்று பெரியப்பாவே சித்தியைக் கை காட்டினார்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டு போய் மடித்துக் கொண்டுவந்தாள். நான் கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன். பிரித்தார். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று. சித்தப்பா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வாக்கு. இனி நான் பேச ஒண்ணுமில்ல" என்றார்.

எல்லோரும் திருநீற்றுக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கும்போது சித்தி மற்றப் பொட்டலத்தை மெல்ல முந்தானைக்குள் போட்டாள். சிவப்பு அரளியைத் தலையில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் அதைப் பிடுங்கிப் பிரித்தேன்.

அதிலும் நந்தியாவட்டை.

"இதுலயும்..." என்று நான் வாயெடுப்பதற்குள் சித்தியின் கை என் வாயைப் பொத்திவிட்டது. பிரகாரத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "என் கண்ணுல்ல, யாருகிட்டயும் சொல்லிராத. சொன்னா என்னைய பொறந்த வீட்டுக்கே அனுப்பிருவாங்க" என்றாள்.

"சொல்லாட்டி என்ன தருவீங்க?" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

"என்ன வேணும்?"

"கார்ல போகும்போதெல்லாம் என்னைய ஏத்திக்கிறணும். ஒரு தடவைகூட விட்டுட்டுப் போகக் கூடாது. ஆத்தா மேல சத்தியம் பண்ணுங்க."

சித்தி கோயில் சுவரைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். நான் அந்தச் சத்தியத்தை என்ன பாடு படுத்தினேன் என்பதுதான் மிச்சக் கதை.

முதல் பயணம் திருமயத்துக்கு, பெருமாளுக்கு அர்ச்சனை செய்ய. சித்தி சுங்கடிப் புடவை கட்டி, பூ வைத்து, சித்தப்பாவுக்குப் பின்னால் பத்தடி விட்டு வாசலுக்கு வந்தாள். நான் அதற்கு முன்பே நடுவில் ஏறி உட்கார்ந்திருந்தேன். இரண்டு இருக்கைக்கும் நடுவே கியர் கம்பு. அதற்கு அந்தப்பக்கம் ஒரு கால், இந்தப்பக்கம் ஒரு கால். சித்தப்பா, "எறங்குடி" என்றார். என் ஆத்தா உள்ளேயிருந்து, "இருக்கட்டும் தம்பி, சின்னஞ்சிறுசுக தனியாப் போனா ஊரு என்ன பேசும்? பிள்ளை தொணைக்கு இருக்கட்டும்" என்று குரல் கொடுத்தாள். சித்தி ஏறிக் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு எட்டு மாதம். புதுக்கோட்டைக்கு நூல் வாங்க, இலுப்பூர்ச் சந்தைக்கு, மறுபடி திருமயத்துக்கு. எல்லாவற்றிலும் நடுவில் நான். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதிலிருந்து எங்கள் வாத்தியார் குறட்டை விடுவது வரைக்கும் வழி முழுக்க ஒப்பிப்பேன். அவர்கள் பேசாமல் இருந்தால் பாவம், அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று நானே பொறுப்பெடுத்துக்கொண்டு, "சித்தி, சித்தப்பா ஒங்ககிட்ட வெக்கையா இருக்கான்னு கேக்குறாரு" என்று தபால் வேலையையும் பார்ப்பேன். சித்தப்பா கேட்டே இருக்க மாட்டார்.

ஒரு நாள் புறப்படும் முன்பு சித்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒனக்கு இன்னைக்குத் தலைவலியா இருக்காடி?" என்று கேட்டாள்.

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்."

"லேசாக்கூட இல்லையா?"

"இல்ல சித்தி" என்று ஏறிக்கொண்டேன். சித்தப்பா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சித்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். நல்லவர்கள், என்னை ஒருநாளும் இறக்கிவிடவில்லை.

கடைசிப் பயணம் ஆவுடையார்கோவிலுக்கு. அதற்கு அடுத்த வாரம் எஞ்சினுக்குள் ஏதோ முறிந்து, அதற்கான சாமான் மதராஸிலும் கிடைக்காமல், கார் மில் கொட்டகையில் நின்றது நின்றதுதான். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. கோயிலில் வயிறு முட்டப் புளியோதரை தின்றுவிட்டு, திரும்பும் வழியில் மத்தியான வெயிலில் சித்தியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

விழிப்பு வந்தபோது கார் ஒரு ஆலமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை. என் தலைக்கு மேலே சித்தப்பாவின் குரல் கேட்டது. மில்லில் ஆள்களை அதட்டும் குரல் இல்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை.

"ஒனக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டார். "மூணு வருசத்துக்கு மேல ஆச்சு, எனக்கு ஒண்ணுமே தெரியல. என்ன சாப்பிடப் புடிக்கும், எங்க போகப் புடிக்கும், ஒண்ணுமே..."

சித்தி மூச்சை இழுத்தது என் கன்னத்தில் தெரிந்தது. "எனக்கு..." என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"எனக்குக் குழிப்பணியாரம்!" என்று நான் எழுந்து உட்கார்ந்தேன்.